ஆஸ்பத்திரிக்கு சர்வர் வாங்கப் போறீங்களா? முதல்ல பேக்கப் பத்தி கேளுங்க!

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரேன்சம்வேர் தாக்குதலில் முடங்கின. ஓபி பதிவு முதல் லேப் ரிப்போர்ட் வரை எல்லாம் பேனா, பேப்பருக்குத் திரும்பின. பெரும்பாலான சேவைகள் மீள சுமார் 2 வாரம் ஆனது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்துதான் இ-ஹாஸ்பிடல் தகவல்கள் மீட்கப்பட்டன.

எய்ம்ஸுக்கே இந்த நிலைன்னா, 30 படுக்கை உள்ள நம்ம ஊர் நர்சிங் ஹோம் என்ன ஆகும்?

எந்த சர்வர்?

பெயர், மருந்து, லேப் முடிவு எல்லாம் வெறும் எழுத்துதான். அதிக இடம் பிடிக்காது. இடத்தை விழுங்குவது ஸ்கேன் படங்கள். 400 படங்கள் கொண்ட ஒரு சிடி ஸ்கேனே சுமார் 200 எம்பி வரும். எனவே படங்களைத் தனியே சேமியுங்கள். நோயாளி பதிவுகளுக்கு நடுத்தர சர்வர் போதும். ஆனால் பிழை திருத்தும் இசிசி மெமரி, ஒரே தகவலை இரண்டாகப் பதியும் ஜோடி டிஸ்க், யுபிஎஸ் மூன்றும் கட்டாயம்.

ஜோடி டிஸ்க் இருந்தா பேக்கப் வேண்டாமா? வேணும்! தவறி அழித்தாலும், வைரஸ் பூட்டினாலும் அது இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் நடக்கும்.

எந்த டேட்டாபேஸ்?

எக்செல் வேண்டவே வேண்டாம். என் தேர்வு போஸ்ட்கிரெஸ். உரிமக் கட்டணம் இல்லை. பதிவின் நடுவே கரன்ட் போனாலும் அரைகுறைப் பதிவு தங்காது. முழுசா இருக்கும், இல்லன்னா இருக்காது. மைஎஸ்க்யூஎல்லும் நல்லதே, பல நாடுகளில் பயன்படும் ஓப்பன்எம்ஆர்எஸ் அதில் இயங்குகிறது.

விற்பனையாளரிடம் என்ன கேட்கணும்?

உள்நோயாளி பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிகள். எனவே இரண்டே கேள்விகள். நாளைக்கு உங்களை விட்டு வேறு மென்பொருளுக்கு மாறினா, மொத்த டேட்டாவும் எங்க கைக்கு வருமா? நேற்றைய பேக்கப்பை இப்போ என் கண் முன்னாடி வேறு கணினியில் ஏற்றிக் காட்ட முடியுமா?

‘தினமும் பேக்கப் எடுக்கிறோம் சார்’ என்பது பதில் இல்லை. ஒரு பிரதியாவது நெட்வொர்க்கில் இணைக்கப்படாமல், வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை அதை மீட்டுப் பார்க்க வேண்டும். பென்சிலின் அலர்ஜி உள்ள ஒருவர் நள்ளிரவில் நினைவிழந்து வந்தால், அதைச் சொல்ல அந்தப் பதிவு மட்டும்தான் இருக்கும். பட்ஜெட் இடித்தால் சர்வரில் குறைங்க. பேக்கப்பில் கை வைக்காதீங்க.