"ஏன் விட்டீங்க?"

கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, கண்டிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகிற நம்மில் பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற பதில்: "சொந்தக் காரணம், சேர்." நானும் அதையேதான் சொன்னேன். உண்மை வேற. காலை எட்டுக்குக் கடைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் விடுவாங்க, ஆறு நாளும். ஓவர்டைம் காசு இல்லை. ஈ.பி.எஃப். கட்டவே இல்லை.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் வேலை. அதுக்கு மேலே ஒன்றரை மடங்கு சம்பளம். ஈ.பி.எஃபுக்கு நம்ம சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். இது யாரும் போடுகிற பிச்சை இல்லை.

அதனால் பழைய முதலாளியைத் திட்டவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். "ஈ.பி.எஃப். கட்டல, அதான் விலகினேன். இங்க எப்படி சேர்?" என்று அமைதியாகக் கேளுங்கள். வேலை கிடைக்காமல் போய்விடுமோ, போர்டிங் காசுக்கு என்ன செய்வது என்கிற பயம் எனக்கும் இருக்கு. ஆனால் இந்தக் கேள்விக்கே முகம் சுளிக்கிற இடத்தில் சேர்ந்தால், கொஞ்ச நாளில் இன்னொரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அதே "சொந்தக் காரணம்" சொல்லிக்கொண்டிருப்போம்.