பலிக்காத மோதல்கள்

இந்தப் பத்தியைத் தாங்கியிருக்கும் காகிதத்தின் மீது, நீங்கள் இதை வாசிக்கும் க்ஷணத்திலும், பிராணவாயுவின் மூலக்கூறுகள் வினாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் ஓயாமல் வந்து மோதிக்கொண்டிருக்கின்றன. காகிதம் எரியத் தக்க பொருள். பிராணவாயு எரியச் செய்யும் பொருள். இவ்வளவு நெருங்கியிருந்தும் தாள் தீப்பற்றாமல் நம் கையில் சாதுவாகக் கிடப்பது எப்படி என்று நாம் அபூர்வமாகவே யோசிக்கிறோம்.

இரு பொருள்கள் கூடி மூன்றாவதொன்றாக மாற வேண்டுமானால், அவற்றின் துகள்கள் சந்தித்தே தீர வேண்டும். ஆனால் சந்திப்பு மாத்திரம் போதுமென்றால், சாதாரணக் காற்றில் ஒவ்வொரு மூலக்கூறும் வினாடிக்குப் பல நூறு கோடி முறை மோதுகின்றதே, எரியக்கூடியவை யாவும் என்றோ சாம்பலாகியிருக்கும். இன்னொரு புதிரும் உண்டு: அறையின் உஷ்ணத்தைப் பத்து டிகிரி உயர்த்தினால் மூலக்கூறுகளின் வேகம் இரண்டு சதவிகிதங்கூட அதிகரிப்பதில்லை, ஆயினும் ரசாயன மாற்றங்கள் பல, ஏறக்குறைய இரு மடங்கு விரைவாக நிகழ்கின்றன.

கரும்புச் சர்க்கரை அமிலத்தில் சிதைவதை ஆராய்ந்த ஸ்வீடன் தேசத்து ஸ்வாந்தே அர்ரேனியஸ், 1889-இல் இதற்கு வழி காட்டினார். மாற்றமடைவது மூலக்கூறுகள் அனைத்தும் அல்ல, மிகுந்த சக்தி பெற்ற ஒரு சிறுபான்மையே என்றும், உஷ்ணம் சற்றே ஏறினாலும் அந்தச் சிறுபான்மை மளமளவென்று பெருகிவிடுகிறது என்றும் அவர் கண்டார். அந்தக் கருத்தை மோதல்களின் கணக்கோடு இணைத்தவர்கள், 1916-இல் ஜெர்மனியின் மாக்ஸ் டிராட்ஸும், 1918-இல் இங்கிலாந்தில் லிவர்பூலிலிருந்த வில்லியம் லூயிஸும். இருவருடைய தேசங்களும் யுத்தத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலே, இருவரும் ஒரே முடிவை அடைந்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

லூயிஸ் எடுத்துக்கொண்ட உதாரணம், ஹைட்ரஜன் அயோடைடு வாயு சூட்டில் சிதைவது. சுமார் 280 டிகிரி செல்ஷியஸில், தேவையான சக்தியோடு நிகழும் மோதல், ஏறத்தாழ ஆயிரம் கோடி கோடி மோதல்களில் ஒன்றே. அந்த ஒன்றைக் கொண்டு அவர் கணக்கிட்ட வேகம், பரிசோதனை தந்த வேகத்தோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. நம் பாடப்புத்தகங்கள் சமன்பாட்டின் நடுவே ஓர் அம்புக்குறியை இட்டு, பலித்த மோதலை மட்டும் மாணவனுக்குக் காட்டுகின்றன. பலிக்காதவற்றின் மகத்தான தொகையையும் சேர்த்துச் சொன்னாலன்றி ரசாயனம் விளங்காது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆனால் லூயிஸும் டிராட்ஸும் மூலக்கூறுகளை வெறும் உருண்டைகளாகவே பாவித்தார்கள். சிக்கலான அமைப்புடைய மூலக்கூறுகளிடம் அந்தக் கணக்கு, உண்மையைவிடப் பன்மடங்கு அதிகமான வேகத்தையே சொல்லிற்று. ஏனெனில், சக்தி இருந்தும் தவறான பக்கத்தில் மோதினால் பயனில்லை. 1960-களில் அமெரிக்காவில் டட்லி ஹெர்ஷ்பாக், வெற்றிடத்தில் இரண்டு மூலக்கூற்றுக் கற்றைகளைக் குறுக்கே பாய்ச்சி, தனித்தனி மோதல்களையே விசாரிக்கத் தொடங்கினார். மெதில் அயோடைடோடு மோதிய பொட்டாசியம், அயோடினைப் பற்றிக்கொண்டு வந்த வழியே பின்னோக்கித் தெறித்தது. புரோமினிடமோ அது நெருங்கி முட்டவும் காத்திருக்கவில்லை. தூரத்திலிருந்தே தன் எலக்ட்ரான் ஒன்றை எறிந்து, புரோமின் அணுவொன்றைத் தன்பால் ஈர்த்துக்கொண்டு, நேரே முன்னோக்கிச் சென்றுவிட்டது.