ஒற்றைத் தலையிடி நடிப்பன்று

தலையிடி என்னும் சொல்லை நாம் மிக எளிதாக வழங்குகின்றோம். தீராத கடனும் தலையிடி; வேலி வழக்கும் தலையிடி. சொல் இவ்வாறு மலிந்துவிட்டமையாற் போலும், உண்மையாகவே தலையிடியால் வருந்துவோரை நாம் நம்ப மறுக்கின்றோம். கல்முனைக்குடியிலும் அயலூர்களிலும், வகுப்பில் மேசைமேல் தலைசாய்த்த மாணவிக்குப் ‘படிக்கப் பஞ்சி’ என்னும் பெயரும், அடுப்படியை விட்டு இருட்டறையிற் படுத்த மருமகளுக்கு ‘வேலைக்கள்ளி’ என்னும் பெயரும் கிடைப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

ஒற்றைத் தலையிடி நடிப்பன்று, நோய். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் காலென் இதற்கு ‘அரைத்தலை’ எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். அப்பெயரே மருவி ‘மைக்கிரேன்’ ஆயிற்று. பெயர் அவ்வாறாயினும், சிலருக்குத் தலையின் இருபுறமும் வலிக்கும். நாடி துடிப்பதுபோல் வலி தெறிக்கும், நடந்தால் மிகும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாதனவாகும். சிலருக்கு வலிக்கு முன்னர் கண்ணெதிரே நெளிகோடுகள் மின்னும். வைத்தியம் செய்யாவிடின் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை இது நீடிக்கலாம். மூளையும், தலைக்கும் முகத்துக்கும் உணர்ச்சி தரும் நரம்பும் தொழிற்படும் முறையில் ஏற்படும் மாறுபாடே இதன் அடிப்படை. இது குடும்பவழியாகவும் வருவதுண்டு. ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு பீடிக்கின்றது; மாதவிடாயை ஒட்டிய ஹோர்மோன் மாற்றம் அதற்கு ஒரு முக்கிய காரணம்.

இந்நோயுடையோரின் மூளை திடீர் மாற்றங்களை விரும்புவதில்லை. உணவு தவறுதல், நீர் குறைதல், உறக்கம் குறைதல் அல்லது மிகுதல், வழக்கமான தேநீர் நின்றுபோதல் யாவும் வலியைத் தூண்டக்கூடும். நோன்பு மாதத்தில் இவை பலவும் ஒருங்கே சேர்கின்றன. ஆதலின், நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே தேநீரைச் சிறிது சிறிதாகக் குறைத்தல் நன்று. சஹர் உணவைத் தவறவிடலாகாது. நோன்பு திறந்தது முதல் சஹர் வரை போதிய நீர் அருந்துக. நாள்தோறும் மருந்து உட்கொள்வோர், வேளையை மாற்றும் முறையை வைத்தியரிடம் முன்னரே கேட்டறிக. நோயாளிக்கு மார்க்கம் அளிக்கும் சலுகையை மார்க்க அறிஞர் விளக்குவர். சிவராத்திரியில் உண்ணாதும் உறங்காதும் இருக்கும் இந்து அன்பர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இனி மாத்திரை. வலி தொடங்கியதும் வைத்தியர் குறித்த அளவில் உட்கொண்டால் பயன் மிகுதி. ஆனால் மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ பனடோல் போன்ற வலிநிவாரணிகளை விழுங்கிவந்தால், அம்மருந்தே புதிய தலையிடிக்குக் காரணமாகிவிடும். சில மருந்துகளுக்கு 10 நாள்களே எல்லை. அடிக்கடி வலி வருவோர்க்கு, அதனை வராமற் குறைக்கும் தடுப்பு மருந்துகள் உண்டு. ஆகவே ஒரு கொப்பியில் வலி வந்த நாள், நேரம், உணவு, உறக்கம், மாதவிடாய், உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றைக் குறித்து, வைத்தியசாலைக்குச் செல்லும்போது எடுத்துச் செல்க. வைத்தியர்க்கு அது பேருதவியாகும்.

எல்லாத் தலையிடியும் ஒற்றைத் தலையிடியன்று. இடி விழுந்தாற்போல் திடீரெனக் கடுமையாக வந்தாலும், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலும், கைகால் சோர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், 50 வயதுக்குப் பின் முதன்முறையாகத் தோன்றினாலும் வைத்தியசாலைக்கு உடனே விரைக. டெங்கு உலவும் நம் நாட்டில், காய்ச்சலோடு வரும் தலையிடிக்கு அஸ்பிரின், இபுபுரோபன் கொடுத்தலாகாது.

தாய்மாரே, ஆசிரியர்களே! அடுத்த முறை ஒரு பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், காரணம் விசாரிப்பது பிறகாகட்டும். யன்னலை மூடி, ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, கதவை மெல்லச் சாத்துவோமாக.