அவர் யாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்?

டான் ஸ்டார்க்கி பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பத்திரிகையாளன். நாளிதழில் பத்தி எழுதுகிறான். குடிப்பான், எல்லாரையும் கிண்டலடிப்பான், கட்டிய மனைவிக்கு உண்மையாக இல்லை. ஓர் இரவு வேறொரு பெண்ணின் வீட்டிலிருந்து சற்று வெளியே போய்விட்டுத் திரும்பினால், அவள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள். இருட்டில் யாரோ வரும் அரவம். கொலைகாரன்தான் என்று பதறி மோதுகிறான். படிக்கட்டில் உருண்டு இறந்துபோவது அந்தப் பெண்ணின் தாய். அதன் பிறகு போலீஸும் துப்பாக்கிக் குழுக்களும் அரசியல்வாதிகளின் ஆட்களும் அவனைத் துரத்துகிறார்கள்.

காலின் பேட்மன் எழுதி 1995இல் வெளிவந்த 'டிவோர்சிங் ஜாக்' நாவலின் கதை இது. 1998இல் டேவிட் தியூலிஸ் நடிக்க, பேட்மனே திரைக்கதை எழுதிப் படமாகவும் வந்தது. கதையில், வட அயர்லாந்தில் சமாதானம் தருவேன் என்று வாக்குறுதி தந்து ஒருவர் பிரதமர் பதவிக்குப் போட்டியிடுகிறார். குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பிழைத்தவர் என்பதால் மக்களுக்கு அவர்மேல் பெரும் மரியாதை. அவருடைய பழைய வாழ்க்கையை வெளிச்சமாக்கும் ஒலிநாடா ஒன்று கைமாறித் திரிகிறது. ஸ்டார்க்கி அதற்குள் இடறி விழுந்தவன். முடிவைச் சொல்லிச் சுவையைக் கெடுக்க மாட்டேன்.

இவ்வளவு ரத்தத்துக்கு நடுவே சிரிக்கவும் வைக்கிறார் பேட்மன். ஸ்டார்க்கிக்கு உதவுகிறவள் பகலில் நர்ஸ். மற்ற நேரங்களில் கன்னியாஸ்திரி உடையில் விருந்துகளுக்குப் போய்க் கேளிக்கை காட்டிப் பிழைப்பவள். கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா என்ற கேள்விக்கான பதிலே உயிரைப் பறிக்கக்கூடிய ஊரில் அந்த அங்கி வெறும் வேஷமாகிவிடுகிறது. பதினைந்து பதினாறு லட்சம் பேர் வாழ்ந்த நிலத்தில், அந்த இரு தரப்பு மோதல் நீடித்த முப்பது ஆண்டுகளில் சுமார் 3,500 பேர் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு கொலைக்கும் பின்னால் ஒரு புனிதமான காரணம் உரக்கச் சொல்லப்பட்டது. அந்தப் புனிதத்தை உடைக்கச் சிரிப்பைவிடக் கூர்மையான கருவி ஏது? பேட்மன் சிறுவயதிலேயே டவுன் மாவட்டத்துப் பேங்கர் ஊரில் உள்ளூர் வாரப் பத்திரிகையில் சேர்ந்தவர். தலைவர்களின் மேடைக் குரலும் அண்டை வீட்டுக்காரர்களின் தாழ்ந்த குரலும் அவருக்குச் செய்தி சேகரிக்கும் காலத்திலேயே பழகியவை.

நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில், அதே டவுன் மாவட்டத்தின் லாக்கினைலண்ட் கிராமத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1994 ஜூன் 18. உலகக் கோப்பைக் கால்பந்தில் அயர்லாந்து இத்தாலியோடு மோதிய ஆட்டத்தை மக்கள் ஒரு சிறிய மதுக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். புராட்டஸ்டண்ட் தரப்பு ஆயுதக் குழுவினர் உள்ளே புகுந்து சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். மூத்தவருக்கு வயது 87. போலீஸுக்கும் கொலையாளிகளுக்கும் மறைமுக உடந்தை இருந்தது என்று காவல்துறைக் குறைதீர் ஆணையர் 2016இல் அறிக்கை தந்தார். இன்றுவரை அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

ஆனால் கைது நடந்தது. 2017இல் வெளியான 'நோ ஸ்டோன் அன்டர்ன்ட்' ஆவணப்படம் சந்தேக நபர்களின் பெயர்களை வெளிப்படையாகச் சொன்னது. அதில் பணியாற்றிய டிரெவர் பர்னி, பேரி மெக்காஃப்ரி என்ற இரு பத்திரிகையாளர்களின் வீடுகளுக்கு 2018 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் போனது. ரகசிய ஆவணங்கள் திருடப்பட்டன என்ற சந்தேகத்தின் பேரில் இருவரையும் கைது செய்தது. மறு ஆண்டே தேடுதல் ஆணைகளை நீதிமன்றம் ரத்து செய்தது. போலீஸ் மொத்தம் 8,75,000 பவுண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அவர்களுக்குத் தகவல் கொடுத்தவரைக் கண்டுபிடிக்கப் போலீஸ் வேவு பார்த்ததும் சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

ஆறு பேரைச் சுட்டவர்கள் சுதந்திரமாக இருக்க, அதைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் விசாரணை அறையில் உட்கார வேண்டியிருந்தது. ஸ்டார்க்கியைப் போல இவர்கள் தற்செயலாக மாட்டியவர்கள் அல்லர். தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள். அதிகாரத்தில் இருப்பவருக்கும் கொலைக்கும் தொடர்பு இருந்தால், அந்தத் தொடர்பைத் தேடுகிற ஆள்மீது பழியைத் திருப்புவது மிகச் சுலபம். நாவலில் ஸ்டார்க்கி மாசற்றவன் அல்ல என்பதும் இங்கே முக்கியம். அவன் குடியும் துரோகமும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே கொலையும் செய்திருப்பான் என்று நம்ப வைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. நல்லவராக இருந்தால்தான் ஒருவரின் கேள்விக்கு மதிப்பு என்று நினைக்கும் ஊரில், கேள்வியைக் கொல்லக் கேட்டவரின் பெயரைக் கெடுத்தாலே போதும்.

அதனால் ஒரு பத்திரிகையாளர் கைதானார் என்ற செய்தியைப் படிக்கும்போது, அவர் ஒழுக்கமானவரா என்று விசாரிப்பதற்கு முன் வேறொன்றைக் கேளுங்கள். கைதாவதற்கு முந்தைய வாரங்களில் அவர் யாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்?