மூக்கும் முழியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் வழியில் கோவளத்தில் ஒரு நண்பர் வீட்டில் இறங்கினோம். கடற்காற்றும் காப்பியும் கிடைக்கும் என்பது நம் எண்ணம். இரண்டும் கிடைத்தன, கூடவே ஒரு வழக்கும் கிடைத்தது.

நண்பருடைய மூத்த பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஓர் அம்மாள், "மற்றதெல்லாம் லட்சணந்தான், மூக்குத்தான் சற்றுச் சப்பை" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அன்றிலிருந்து பெண், சஸ்திர சிகிச்சை செய்து மூக்கைத் திருத்திக்கொள்ளப் போவதாக ஒரே பிடிவாதம். தாயார் அழுகிறாள், தகப்பனார் வாயே திறப்பதில்லை. பாட்டி மட்டும், "அது உன் தாத்தா மூக்கடி! அதை வைத்துக்கொண்டு எழுபத்தெட்டு வயது வரையில் அவர் பொடி போட்டார்" என்கிறாள்.

"மாமா, நீங்களே சொல்லுங்கள். இது தப்பா?" என்று பெண் நம்மைக் கேட்டாள்.

தப்பு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. காது குத்துகிறோம், மூக்குக் குத்துகிறோம், பல்லுக்குக் கம்பி கட்டுகிறோம். ஆனால் அவள் தன் டெலிபோனில் காட்டியது இரண்டே படங்கள்: சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இரண்டுக்கும் இடையில் நடப்பதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. நாம் எழுத வந்தது அந்த இடைக்காலத்தைப் பற்றித்தான்.

அதை ஒளிவு மறைவின்றி எழுதிவைத்த ஒரு கடிதம் உண்டு. 1794-ஆம் வருஷம் அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகஸீன்' என்னும் பத்திரிகையில் அது வெளியாயிற்று. கவாஸ்ஜி என்னும் மராட்டியர் ஆங்கிலேயர் படையில் மாட்டு வண்டி ஓட்டியவர். 1792-ஆம் வருஷத்து யுத்தத்தில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருஷத்திற்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனாவுக்கு அருகில், செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். முதலில் மெழுகுத் தகட்டால் ஒரு மூக்குச் செய்து பார்த்தார். பிறகு அதை நெற்றியில் விரித்து அளவெடுத்து, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு இணைப்பை மட்டும் விட்டுக் கீழே திருப்பிப் பொருத்தினார். பற்றாகப் போட்டது, நாம் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி! நாலு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்த படுக்கை. பத்தாம் நாள் நாசித் துவாரங்கள் அடைபடாமலிருக்கத் துணித் திரி. இருபத்தைந்தாம் நாள் இணைப்பை அறுத்துவிட்டு, உருவம் சரியாக அமைய இன்னும் கொஞ்சம் செதுக்கல்.

இந்த முறையைப் படித்துத்தான் கார்ப்யூ என்னும் ரண வைத்தியர் 1814-ஆம் வருஷம் லண்டனில் ஒருவருக்கு மூக்கு அமைத்தார். சுசுருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் வகையும் சொல்லப்பட்டிருக்கிறது. இதற்காக நாம் மார் தட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வெட்கமும் உண்டு. மூக்கிழந்தவர் பெயர் தெரிகிறது. அருகிலிருந்து பார்த்த பம்பாய் டாக்டர்களின் பெயர் தெரிகிறது. படம் எழுதிய ஜேம்ஸ் வேல்ஸின் பெயரும் தெரிகிறது. கத்தி பிடித்த கைக்கு உரியவரின் பெயரை அந்தக் கடிதம் சொல்லவில்லை!

இக்காலத்து அழகுச் சிகிச்சையில் நெற்றியைத் தொடுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து, நாசிக்கு உள்ளே கீறியோ, இரு துவாரங்களுக்கும் இடையிலுள்ள தோலில் சிறிது அறுத்தோ, குருத்தெலும்பைத் திருத்துகிறார்கள். சப்பை மூக்கை உயர்த்துவதற்குக் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைப்பதுண்டு. சுமார் ஒரு வாரம் மூக்கின்மேல் கட்டு. கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன நிறம் மறைய இரண்டு வாரமாகும். சில வாரங்களுக்கு மூக்குக்கண்ணாடி மூக்கில் அழுந்தக் கூடாது. வீக்கத்தில் பெரும்பகுதி சில மாதங்களில் வடியும். மூக்கு நுனியின் வீக்கமோ முற்றும் வடிய ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரை நுனி மரத்துப்போயிருப்பதும் உண்டு. சிலருக்கு ரத்தக் கசிவு, சிலருக்கு மூச்சுத் தடை, சிலருக்கு ஒரு பக்கம் கோணல். மறுபடியும் மேஜைமேல் படுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

"ஒரு வருஷமா!" என்றாள் பெண். வருகிற தை மாதத்துக்குள் எல்லாம் ஆகிவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அன்று காலையில்தான் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பியின் பட்டறையில் நின்றிருந்தோம். முகத்தை மூன்று சம பாகமாக்கி, நடுப்பாகத்தை மூக்குக்கு ஒதுக்குவது அவர்கள் பிரமாணம். கல்லில் அது சரி. வைத்தியர் அந்த முகத்துக்கு எது இசையும் என்றுதான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். சினிமா நட்சத்திரத்தின் படத்தைக் காட்டி, "இதே மூக்கு" என்று கேட்டால் தலையாட்டுகிறவரை விட்டு விலகுவதே உத்தமம்.

செலவைப் பற்றித் தகப்பனார் அப்போதுதான் வாய் திறந்தார். அழகுக்காகச் செய்வதற்கு இன்ஷூரன்ஸ் பணம் தராது. விபத்தினாலோ நோயினாலோ சிதைந்ததைச் சீர்செய்வது வேறு விஷயம்.

கிளம்பும் சமயத்தில் நாம் ஒன்று கேட்டோம்: "மூச்சு விடுவதில் ஏதாவது கஷ்டம் உண்டா, அம்மா?"

பெண் சற்று யோசித்தாள். "வலது பக்கம் எப்பொழுதும் அடைப்புத்தான், மாமா. சிறு வயதிலிருந்தே அப்படி. ராத்திரியில் வாயால்தான் மூச்சு. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்."

நடுத் தண்டு கோணியிருந்தால் அப்படி இருக்கும். அது அழகு விஷயமன்று, வைத்திய விஷயம். முதலில் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டியது. இத்தனை நாள் அழுகைக்கும் சண்டைக்கும் நடுவே இதை யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தகப்பனாரும் பெண்ணும் போவதாக ஏற்பாடு. பாட்டியும் உடன் வருகிறாளாம். தாத்தாவும் ராத்திரியில் வாயால்தான் மூச்சு விட்டார் என்பது இப்பொழுது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.