கொலுப்படி ஏறுமா காஞ்சீபுரத்து குட்டி ரெயில்?

காஞ்சீபுரம்:

பட்டுச்சேலை, கோவில், இட்லி என்று பெருமை பேசும் காஞ்சீபுரத்துக்காரர்கள் பலருக்கு, ஊருக்கு ரெயில் வந்த கதை தெரியாது.

1865-ம் ஆண்டிலேயே அரக்கோணத்தில் இருந்து இங்கு ரெயில் ஓடியது. இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட, மூன்றரை அடி அகல குட்டிப் பாதை அது. நீளம் சுமார் 19 மைல். அப்போதைய அகலப்பாதை ஐந்தரை அடி. அகலத்தைக் குறைத்தால் செலவும் குறையும் என்பதுதான் கணக்கு.

1878-ல் அது மீட்டர்கேஜ் ஆனது. பிறகு செங்கல்பட்டு வரை நீண்டது. இப்போது அகலப்பாதையில் மின்சார ரெயில் ஓடுகிறது. குட்டிப் பாதை போயே போச்சு!

அதை பொம்மையாக மீட்க ஆள் வெளியே தேட வேண்டாம். கொலு பொம்மைக்கு பெயர் போன பொம்மைக்காரத் தெரு உள்ளூரிலேயே இருக்கிறது. காகிதக்கூழில் விவசாய செட், கல்யாண செட் செய்த கைகளுக்கு ஏரி, ஏற்றம், நெற்களம், நடுவே குட்டி ரெயில் என்று ஒரு செட் செய்வது பெரிய வேலையா?

சிக்கல் காசில்தான். புது பொம்மைக்கு புது அச்சு வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் தொழிலாளி தலையில். 2019-ல் அத்திவரதர் பொம்மைக்கு கூட்டமே விளம்பரம். ரெயிலுக்கு அது கிடையாது.

ரெயில்வேயோ, பூம்புகாரோ முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தால் வழி பிறக்கும். உள்ளூர் பொருளை ஸ்டேஷனில் விற்க 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டம் 2022-லேயே வந்து விட்டது என்பது குறிப்பிடத்தக்கது.