யாத்திரைக்கு முன்: சக்கரம் எழுப்பும் ஓசை

திருமலை யாத்திரைக்குப் பத்து நாள்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலை காருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டோம். காருக்குள் பக்திப் பாடல் ஒலித்துக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் இருந்த என் இல்லத்தரசி, "பாட்டைக் கொஞ்சம் நிறுத்துப்பா" என்றாள். மகன் நிறுத்தினான். அடுத்த முறை பிரேக்கை மிதித்தபோது முன்சக்கரத்திலிருந்து "கிரீச்" என்ற மெல்லிய ஓசை எழுந்தது.

"புழுதியாக இருக்கும் அம்மா" என்றான் மகன். அவள் விடவில்லை. மறுநாளே மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடுகள் மிகவும் தேய்ந்திருந்தன. தேய்மானம் எல்லையைத் தொட்டதும், சுழலும் டிஸ்க்கில் உரசிக் குரல் கொடுப்பதற்கென்றே பல கார்களின் பேடுகளில் சிறிய உலோகத் தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். நாங்கள் கேட்டது அந்த எச்சரிக்கையைத்தான்.

ஒரு சக்கரத்தில் மட்டும் பேடை மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டிலும் புதியன பொருத்தினார். காலிப்பர் நகரும் ஊசிகள் உலர்ந்திருந்தன. அவற்றைத் துடைத்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் இட்டார். "முதல் சில நூறு கி.மீ. வரை அவசரமின்றி மென்மையாக மிதியுங்கள், புதிய பேடு டிஸ்க்கோடு படிய வேண்டும்" என்றார். ஆகையால், புறப்படும் நாளுக்கு முந்தின மாலை வரை இவ்வேலையை ஒத்திப்போடலாகாது.

அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. மழை இரவுக்குப் பின் காலையில் எழும் உரசல், டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவினால் வருவது; நாலைந்து முறை மிதித்ததும் மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் "கிரீச்" என்றால் உடனே காட்டுங்கள். "கரகர" என்று அரைக்கும் ஓசை கேட்டால் இரும்போடு இரும்பு தேய்வதாக இருக்கலாம். வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். ஓசையை அடக்குவதற்காக டிஸ்க்கிலோ பேடின் உரசும் பரப்பிலோ எண்ணெய் தடவ எவரையும் அனுமதியாதீர்கள். ஓசை அடங்கும், வண்டி நில்லாது.

திருமலையில் 1974-இல் திறந்த பாதையில் வாகனங்கள் ஏறுகின்றன. 1944-இல் அமைந்த பழைய பாதையில் இறங்குகின்றன. அவ்வளைவுகளில் பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குன்றும். தாழ்ந்த கியரில் இறங்குவதே முறை.

வயதான நமக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று தயங்க வேண்டாம். ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்கிறது. பின்னிருக்கையில் அமைதியாக அமர்ந்திருக்கும் நம் காதுகளுக்கு எட்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதும் நம் கடமையே.

குறித்த நாளில் வேங்கடவனைத் தரிசித்து இறங்கினோம். வளைவுகள் முழுவதும் கடக்கும்வரை காருக்குள் பாடல் ஒலிக்கவில்லை. அடிவாரம் வந்ததும் அவளே சொன்னாள்: "இப்போது பாட்டைப் போடப்பா."